சாங்கரின் வறண்ட ஆண்டுகளும் நமது மேற்கோள் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், நம் பகுதிக் கல்லூரிகளைச் சேர்ந்த பேராசிரியர்கள் சிலர் ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் இடம்பெற்றிருப்பதாக அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். பாராட்டுக்குரியவர்களைப் பாராட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. அவர்களில் ஒருவர் என்னிடம் படித்தவர் என்பதால் தனிப்பட்ட மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் அந்த அரைப் பக்கச் செய்தியை இரண்டு முறை படித்த பிறகும், அவர்கள் எதை ஆராய்ந்தார்கள், எதைக் கண்டறிந்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட அதில் எனக்குக் கிடைக்கவில்லை. மேற்கோள்களின் எண்ணிக்கை இருந்தது, ஒருவருடைய எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று சொல்லும் எச்-குறியீட்டெண் இருந்தது, கல்லூரித் தாளாளர் பொன்னாடை போர்த்தும் படமும் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த எண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதி கோருகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். இப்பட்டியலை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ‘தேர்ந்தெடுத்து அறிவித்ததாக’ அச்செய்தி கூறுகிறது. அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஜான் அயோனிடிஸ் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும், எல்செவியர் பதிப்பு நிறுவனத்தின் ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து கணக்கிட்டு 2019 முதல் வெளியிட்டுவரும் பட்டியல் இது. யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வுக் குழு என்று ஒன்று கிடையாது. எந்த ஆய்வுக் கட்டுரையையும் எவரும் இதற்காகப் படித்துப் பார்ப்பதுமில்லை. ஒருவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவற்றில் அவர் தனியாகவோ முதலாவதாகவோ கடைசியாகவோ பெயர் இடம்பெற எழுதியவற்றுக்கு வந்த மேற்கோள்கள் எத்தனை என்பன போன்ற ஆறு அளவுகளைக் கூட்டிக் கணினி ஒரு மதிப்பெண் போடுகிறது. தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டவற்றை நீக்கிய கணக்கையும் அவர்கள் தனியே தருகிறார்கள் என்பதால், இந்த முயற்சியை நேர்மையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு என்பது கணக்குத்தான். அதை விருது என்று எழுதுவது பிழை.

மேற்கோள்களை எண்ணும் வழக்கமே நூலகத்திலிருந்து பிறந்தது. ஒரு கட்டுரையைப் பிற்காலத்தில் யார் யார் எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிச் செல்ல ஒரு வழி வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அடுத்த பத்தாண்டுக்குள் அவருடைய நிறுவனம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அத்தகைய அட்டவணையை அச்சிடத் தொடங்கிவிட்டது. தேடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. ஆளை எடை போடும் தராசாக அது மாறியது மெல்ல மெல்லத்தான். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒற்றை எண்ணில் அடக்கும் எச்-குறியீட்டெண்ணை முன்வைத்த பிறகு அம்மாற்றம் முழுமை பெற்றது.

அந்தத் தராசில் ஒரு மனிதரை ஏற்றிப் பார்க்க விரும்புகிறேன். ஃபிரெடெரிக் சாங்கர், இங்கிலாந்துக்காரர், 1918இல் பிறந்து 2013இல் மறைந்தவர். வேதியியலுக்கான நோபல் பரிசை 1958இலும் 1980இலும் இரண்டு முறை பெற்றவர்; 2022இல் பாரி ஷார்ப்லஸ் அதே பெருமையை எட்டும்வரை வேறு எவருக்கும் அது வாய்த்ததில்லை. மூலக்கூற்று உயிரியல் என்ற துறை இன்று நிற்கும் தூண்களில் இரண்டை அவர் நட்டார் என்று சொன்னால் மிகையாகாது. புரதத்தில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதைக் கண்டறியும் வழி ஒன்று, டி.என்.ஏ.யில் எழுத்துகள் எந்த வரிசையில் உள்ளன என்பதைப் படிக்கும் வழி மற்றொன்று.

அவர் ஆய்வு தொடங்கிய 1940களில் புரதம் என்பது திட்டவட்டமான அமைப்புடைய ஒரு பொருளா, அல்லது ஏறக்குறைய ஒத்த பல பொருள்களின் கலவையா என்பதே வேதியியலாளர்களிடையே தீர்ந்த கேள்வியாக இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்த கையோடு, தூய நிலையில் எளிதாகக் கிடைத்த புரதம் என்பதால் மாட்டின் இன்சுலினை அவர் எடுத்துக்கொண்டார். புரதச் சங்கிலியின் முனையில் உள்ள அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு மஞ்சள் நிறம் காட்டும் ஒரு வேதிப்பொருளைக் கொண்டு முனையை அடையாளம் காண்பது, சங்கிலியை அமிலத்தாலும் நொதிகளாலும் துண்டு துண்டாக்குவது, ஒவ்வொரு துண்டையும் வடிதாளில் பிரித்து அதன் உறுப்புகளைக் கண்டறிவது, ஒன்றின் மேல் ஒன்று படியும் துண்டுகளைப் பொருத்தி முழு வரிசையையும் ஊகிப்பது என்று அந்த வேலை நடந்தது. கிழிந்த ஓலைச் சுவடியின் துணுக்குகளைச் சேர்த்துப் பாட்டை மீட்பவர்களுக்கு இந்த வேலையின் இயல்பு புரியும். ஹான்ஸ் டப்பியுடன் சேர்ந்து 30 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியின் வரிசையை 1951இலும், தாம்ப்சனுடன் சேர்ந்து 21 கொண்ட மற்றொரு சங்கிலியின் வரிசையை 1953இலும் வெளியிட்டார். இரண்டு சங்கிலிகளையும் இணைக்கும் கந்தகப் பாலங்கள் எங்கெங்கே உள்ளன என்பதை 1955இல் முடித்துவைத்தார். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். அதற்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. இன்று இயந்திரத்தில் செய்து முடிக்கும் மாணவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு புரதத்துக்கும் மாறாத ஒரு வரிசை உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது இவ்வேலையால்தான். மரபணுவில் உள்ள வரிசை புரதத்தின் வரிசையாகப் பெயர்க்கப்படுகிறது என்று ஃபிரான்சிஸ் கிரிக் சில ஆண்டுகள் கழித்து வாதிட்டபோது, அவருடைய காலடியில் இருந்த தரை இதுவே.

இதன் பிறகு வருவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் பகுதி. இன்சுலினுக்குப் பின் சாங்கர் ஏறக்குறைய பத்தாண்டுகள் தடுமாறினார். நொதிகளின் செயல்படும் பகுதியில் கதிரியக்கக் குறியிட்டு ஆராய்ந்தார். பெரிதாக ஒன்றும் வரவில்லை. அந்தக் காலத்தை அவரே பிற்காலத்தில் வறண்ட ஆண்டுகள் என்று குறிப்பிட்டிருக்கிறார். 1962இல் கேம்பிரிட்ஜில் புதிதாகத் திறக்கப்பட்ட மருத்துவ ஆய்வு மன்றத்தின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்துக்கு மாறிய பின், ஆர்.என்.ஏ.யின் வரிசையைப் படிக்கும் முயற்சியில் இறங்கினார். அங்கும் அமெரிக்காவின் ராபர்ட் ஹாலி 1965இல் அவரை முந்திக்கொண்டார். சாங்கர் குழுவின் கையில் 1967இல் கிடைத்தது, 120 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.யின் வரிசை. அதன் பிறகு டி.என்.ஏ. அங்கும் முதலில் செய்த முறை அரைகுறையாகத்தான் உதவியது. ஆலன் கூல்சனுடன் 1975இல் வெளியிட்ட அம்முறையைக் கொண்டு, பாக்டீரியாவைத் தாக்கும் ‘ஃபை எக்ஸ் 174’ என்ற வைரஸின் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளைக் குழுவாகப் படித்து 1977 தொடக்கத்தில் வெளியிட்டனர். ஒரே டி.என்.ஏ. நீளத்தில் ஒரு மரபணுவுக்குள் இன்னொரு மரபணு படிந்து கிடக்கும் விந்தை அப்போதுதான் வெளிப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் ஐந்தே பக்கங்களில் வந்தது, இன்று ‘சாங்கர் முறை’ என்று பெயர் பெற்றுவிட்ட கட்டுரை. சாங்கர், நிக்லன், கூல்சன் என்று மூவர் பெயர். கருத்து மிக எளிமையானது. மாலை கோக்கும்போது, இரு பக்கமும் துளையுள்ள மணிகளுக்கு நடுவே, ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள மணிகளைச் சிலவற்றைக் கலந்துவிட்டால் என்ன ஆகும்? அத்தகைய மணி எங்கே விழுகிறதோ அங்கே மாலை நின்றுவிடும். டி.என்.ஏ.யை நகலெடுக்கும் நொதிக்கு, சங்கிலியை நீட்டத் தேவையான ஓர் ஆக்சிஜன் குறைந்த எழுத்துகளைச் சிறிதளவு கலந்து கொடுத்தார்கள். நான்கு எழுத்துகளுக்கு நான்கு குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் அந்தந்த எழுத்து வரும் இடங்களில் எல்லாம் சில சங்கிலிகள் முறிந்து நிற்கும். அவற்றை ஜெல் என்னும் மெல்லிய கூழ்ப்படலத்தில் நீளவாரியாகப் பிரித்து அருகருகே வைத்தால் வரிசையைக் கண்ணாலேயே படித்துவிடலாம். மனித உயிரணுவின் இழைமணியில் (மைட்டோகாண்ட்ரியா) உள்ள டி.என்.ஏ.யின் 16,569 எழுத்துகள் 1981இலும், லாம்டா வைரஸின் 48,502 எழுத்துகள் 1982இலும் வெளிவந்தன. பிற்காலத்தில் ஒளிரும் சாயங்களையும் தானியங்கி இயந்திரங்களையும் சேர்த்துக்கொண்டு இதே வேதியியல்தான் மனித ஜீனோம் திட்டத்தை 2003இல் முடித்துக் கொடுத்தது.

என்னுடைய சிறு அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் ஆய்வு மாணவனாக இருந்தபோது இந்த ஜெல்லை என் கையால் ஊற்றியிருக்கிறேன். இரண்டு நீண்ட கண்ணாடித் தகடுகளைச் சாராயம் விட்டு மூன்று முறை துடைத்து, இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி விட்டு, யூரியா கலந்த அக்ரிலமைடு கரைசலை ஒரு குமிழிகூட விழாமல் ஊற்ற வேண்டும். ஒரு குமிழி விழுந்தால் அன்றைய நாள் போயிற்று. ஆயிரத்து ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாய்ச்சி, ஜெல்லை உலர்த்தி, இருட்டறையில் எக்ஸ்-ரே ஃபிலிமோடு அழுத்தி வைத்துவிட்டு மறுநாள் காலை ஓடி வந்து கழுவிப் பார்த்தால், ஏணிப் படிகள்போலக் கறுப்புக் கோடுகள் தெரியும். கீழிருந்து மேலாக ஒருவர் “ஏ, ஜி, ஜி, டி, சி” என்று உரக்கப் படிக்க, மற்றவர் எழுத, பிறகு இருவரும் இடம் மாறி மீண்டும் படித்துச் சரிபார்ப்போம். இருநூறு எழுத்து தெளிவாகக் கிடைத்தால் அன்று விடுதியில் சாப்பாடு ருசிக்கும்.

அந்த ஆய்வைக் கட்டுரையாக எழுதியபோது, செய்முறைப் பகுதியில் ‘சாங்கர் மற்றும் பிறர், 1977’ என்று ஒரு வரி தட்டச்சு செய்தேன். எல்லோரும் செய்ததுதான். ஆனால் சாங்கரின் அந்த ஐந்து பக்கக் கட்டுரையை நான் அப்போது படித்திருக்கவில்லை. மூத்த மாணவர் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து அந்த வரியை, பக்க எண் உட்பட, அப்படியே எடுத்துப் போட்டேன். மூலத்தை முழுமையாகப் படித்தது பல ஆண்டுகள் கழித்து, பாடம் நடத்துவதற்காக. ‘நேச்சர்’ இதழ் 2014இல், அறிவியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது சாங்கரின் அக்கட்டுரை நான்காம் இடத்தில், 65,000க்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு இருந்தது. அதில் ஒன்று என்னுடையது. அந்த ஒன்றின் எடை என்ன என்பது எனக்குத் தெரியும் என்பதால்தான், மற்றவற்றின் எடையைப் பற்றிப் பேசவும் துணிகிறேன்.

அப்பட்டியலில் சாங்கருக்கு மேலே இருந்த மூன்றும் புரதம் தொடர்பான செய்முறைகளே. முதலிடத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களோடு ஆலிவர் லௌரி குழுவினர் 1951இல் வெளியிட்ட, கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை. அது ஒன்றும் மகத்தான கட்டுரையன்று என்று லௌரியே சொன்னவர். ஆனாலும் அதற்குக் கிடைக்கும் வரவேற்பை உள்ளுக்குள் ரசிப்பதாகவும் ஒப்புக்கொண்டவர். இரண்டாம் இடம் இன்னும் சுவையானது. உல்ரிக் லெம்லி 1970இல் எழுதிய கட்டுரை, டி4 என்ற வைரஸின் தலைப்பகுதி உருவாகும்போது அதன் புரதங்கள் எவ்வாறு வெட்டுப்படுகின்றன என்பதைப் பற்றியது. அதில் புரதங்களைப் பிரிக்கத் தாம் பயன்படுத்திய ஜெல் முறையைச் சில வரிகளில் சொல்லியிருந்தார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அக்கட்டுரையை மேற்கோள் காட்டியது பெரும்பாலும் அந்தச் சில வரிகளுக்காக. வைரஸின் தலையைப் பற்றி அவர் என்ன கண்டார் என்று கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் விழிப்பார்கள். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த 1953ஆம் ஆண்டு வாட்சன், கிரிக் கட்டுரைக்கு அந்த நூறில் இடமே இல்லை.

ஆக, மேற்கோள் எண்ணிக்கை என்பது முதன்மையாக ஒரு கட்டுரை பிறருடைய அன்றாட வேலைக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதைச் சொல்லும் அளவு. அதுவும் இழிவானதன்று. அம்மி கொத்துபவருக்கு ஊரில் உள்ள மதிப்பு அம்மியில் அரைத்த குழம்பின் மதிப்பிலிருந்து வேறு என்பதுபோல, அது வேறு வகை மதிப்பு. அதிலும் ஒரு வரம்பு உண்டு. முறை முற்றிலும் பொதுவுடைமை ஆகிவிட்டால் யாரும் மேற்கோள் காட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். இன்று ஒரு மாணவர் டி.என்.ஏ. மாதிரியைச் சிறு குழாயில் போட்டுத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பி, வரிசையை மின்னஞ்சலில் பெற்றுக்கொண்டு, ‘சாங்கர் முறையில் வரிசை அறியப்பட்டது’ என்று எழுதுகிறார். 1977ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. பெயர் மொழிக்குள் கலந்துவிட்டது, கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952இல் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டு கொலாஜன் என்ற புரதத்தை ஆராய்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அம்மாதிரியில் அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்று கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கண்டனர். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும், இன்றைய கணினி வசதி இல்லாத நாட்களில் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க முடியாது என்று அது காட்டுகிறது. உலகில் எங்கே ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பு தீர்க்கப்பட்டாலும், அது சரியா என்று பார்க்க இவ்வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். அவ்வாறு வெளியாகும் அட்டவணைகளில் ‘ராமச்சந்திரன்’ என்ற சொல் ஒரு பொதுப்பெயர்போல நிற்கிறது. மூலக் கட்டுரையைக் குறிப்பிடுபவர்கள் அவர்களில் ஒரு பகுதியினரே. கிண்டியில் பிறந்த அந்த வேலையின் தாக்கத்தை எந்த மேற்கோள் கணக்கிலிருந்து அறிந்துகொள்வது?

மீண்டும் சாங்கருக்கு வருகிறேன். அவர் மறைந்த பின், அதே ஆய்வகத்தில் நீண்ட காலம் உடன் பணியாற்றிய சிட்னி பிரென்னர் 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். இன்றைய அறிவியல் உலகில் ஒரு சாங்கர் பிழைத்திருக்க மாட்டார் என்பது அதன் சாரம். இன்சுலினுக்கும் 1967க்கும் இடையே குறிப்பிடத்தக்க வெளியீடு இல்லை, அதற்கும் 1977க்கும் இடையே மற்றுமோர் இடைவெளி என்று ஏதாவது ஒரு குழு கண்டுபிடித்து, உற்பத்தித் திறன் அற்றவர் என்று முத்திரை குத்தி, அவருக்குக் கிடைத்துவந்த எளிய உதவியையும் நிறுத்தியிருக்கும் என்று அவர் எழுதியிருந்தார். சாங்கர் 1951 முதல் மருத்துவ ஆய்வு மன்றத்தின் பணியாளராக இருந்தவர். வகுப்பெடுக்கும் கடமை இல்லை, ஆண்டுதோறும் தன்னை நிரூபிக்கும் கட்டாயமும் இல்லை. சிந்திப்பது, பேசுவது, செய்வது என்று ஆய்வில் உள்ள மூன்றில் செய்வதே தமக்குக் கைவந்தது என்று சொன்ன மனிதர், கடைசிவரை தம் கையாலேயே சோதனை செய்தார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ராட்னி போர்ட்டரும் எலிசபெத் பிளாக்பர்னும் பின்னாளில் நோபல் பெற்றார்கள். 65 வயது நிறைந்ததும் 1983இல் ஓய்வுபெற்றுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். ‘சர்’ என்று அழைக்கப்படுவது பிடிக்காமல் வீரத் திருத்தகைப் பட்டத்தை மறுத்தவர் அவர். இத்தகையவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தால் எங்கே போய் ஒளிந்திருப்பாரோ தெரியாது.

நம்முடைய கல்லூரிகளுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த புள்ளி முறையும், 2016இலிருந்து வெளியாகும் தேசியத் தரவரிசையில் வெளியீடுகளுக்கும் மேற்கோள்களுக்கும் உள்ள இடமும் சேர்ந்து, எண்ணிக்கையை ஒவ்வொரு நிர்வாகத்தின் அன்றாடக் கவலை ஆக்கிவிட்டன. நான் பணியாற்றிய காலத்தில் சக ஆசிரியர் ஒருவர், கேழ்வரகில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் ஆறு ஆண்டுகள் ஆராய்ந்து, இரண்டே கட்டுரைகள் வெளியிட்டார். இரண்டும் இன்றும் நிற்பவை. பதவி உயர்வுக்கான நேர்காணலில் அவரிடம் கேழ்வரகைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. “உங்கள் புள்ளி எத்தனை?” என்பது மட்டுமே கேள்வி. அதே நாளில், ஓராண்டில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பெயர் இடம்பெற்ற இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். ஆண்டுக்கு இருபது கட்டுரை எழுதுபவர் ஜெல் ஊற்றியிருக்க மாட்டார் என்று நான் அன்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டது சற்றுக் கடுமையான தீர்ப்பாக இருக்கலாம். ஆனால் அது அனுபவத்திலிருந்து வந்தது. புள்ளிக்காகக் கட்டுரையில் பெயரை விலைக்கு விற்பதும், ஒருவர் முதுகை ஒருவர் சொறிவதுபோல் கூட்டாக மேற்கோள் காட்டிக்கொள்வதும், வெளியான கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்படுவதும் இந்த மண்ணில் நடப்பதை இத்துறையில் உள்ளவர்கள் அறிவார்கள்.

எண்களே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. எண்கள் வருவதற்கு முன் இருந்தது பொற்காலமும் அன்று. யார் யாருக்கு வேண்டியவர், யார் எந்தத் துறைத் தலைவரின் நிழலில் நின்றார் என்பதே பல இடங்களில் தகுதியாக இருந்தது. பெரிய நகரத்தின் புகழ்பெற்ற நிறுவனத்தில் இல்லாத, ஆங்கிலம் சரளமாகப் பேச வராத ஒருவருக்கு, ‘என் கட்டுரையை உலகில் இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்’ என்று மேசையில் வைக்க ஓர் ஆதாரத்தை இந்தக் கணக்கு தந்திருக்கிறது. என் மாணவருக்கு அது உதவியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த எண்ணைக் கதவைத் தட்டும் கைத்தடியாக வைத்துக்கொள்வது வேறு, கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்றே பார்க்காமல் கைத்தடிக்கு மாலை போடுவது வேறு. ஆய்வாளரை மதிப்பிடும்போது அவர் எழுதிய இதழின் தாக்கக் காரணியை, அதாவது அவ்விதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள் எண்ணிக்கையை, பார்க்காமல் அவர் எழுதியதைப் பாருங்கள் என்று வலியுறுத்தும் பிரகடனம் ஒன்று, 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய உயிரணு உயிரியலாளர்களிடமிருந்தே புறப்பட்டது.

தங்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. அடுத்த ஆண்டும் இப்பட்டியல் வரும். கல்லூரிகள் செய்திக் குறிப்பு அனுப்பும். அப்போது தங்கள் செய்தியாளர் அப்பேராசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்து, “உங்கள் கட்டுரைகளில் பிறர் அதிகம் எடுத்தாண்டது எது, அதை எதற்காக எடுத்தாள்கிறார்கள், அதில் நீங்கள் கண்டறிந்தது என்ன?” என்று கேட்டு, கிடைக்கும் விடையை வாசகருக்குப் புரியும் தமிழில் நான்கு வரி எழுதட்டும். அது புதிய வேதிப்பொருளா, பயனுள்ள செய்முறையா, பிறர் ஆய்வுகளின் தொகுப்புரையா என்று வாசகர் அறியட்டும். தொகுப்புரைகளுக்கு மேற்கோள்கள் பொதுவாக அதிகம் சேரும் என்பதையும், கூட்டாக எழுதியவற்றில் அவருடைய பங்கு என்ன என்பதையும் கேட்கலாம். விடை சொல்ல விருப்பமுள்ளவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். தம் ஆய்வைப் பற்றிக் கேட்க ஒருவர் வந்தாரே என்று ஏங்கியிருப்பவர்கள் எங்கள் துறையில் அதிகம். என் மாணவர் செய்தது, நான் அறிந்தவரை, நல்ல வேலை. அது என்ன வேலை என்பதை அவருடைய ஊர்க்காரர்கள் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிந்துகொண்டிருக்கலாம், அவருடைய தாயாரும் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு என்னிடம் தொலைபேசியில் கேட்டது, “அவன் என்னதான் பண்றான் சார்?” என்பதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர்,
மதுரை.